வலது பக்கத்து ஓர்கன்

1. ஒரு திங்கட்கிழமை காலை தொலைபேசியை வலது காதில் வைத்தேன். மறுமுனையில் யாரும் பேசவில்லை. இடது காதுக்கு மாற்றினேன். அலுவலகத்திலிருந்து என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

2. தொலைபேசியில் பழுது என்று நினைத்து அம்மாவின் தொலைபேசியை வாங்கிப் பார்த்தேன். பிறகு ஹெட்போனை இடம் வலமாகத் திருப்பிப் போட்டுப் பார்த்தேன். பழுது எந்தப் பொருளோடும் போகவில்லை. என் தலையின் வலது பக்கத்திலேயே நின்றது.

3. ஆஸ்பத்திரியில் காது டாக்டர் ஒரு இசைக்கவையைத் தட்டி என் நெற்றியில் வைத்தார். சத்தம் நுழையாத சின்ன அறையில் இருத்திச் சோதித்தார்கள். மாத்திரை தந்தார்கள். காரணம் பெரும்பாலும் தெரியவராது, திரும்பி வருவதானால் முதல் சில வாரங்களில் வரும் என்று டாக்டர் சொன்னார்.

4. வரவில்லை.

5. மாத்திரை முடிந்த அன்று பின்னேரம் ஹெட்போனைப் போட்டுக்கொண்டு எனக்குப் பிடித்த ஒரு வெளிநாட்டு இசைக்குழுவின் முதல் அல்பத்தைக் கேட்டேன். பாடுகிறவர் இருந்தார். கிட்டார் இருந்தது. ஓர்கனும் ட்ரம்ஸும் இல்லை.

6. அந்தக் குழுவின் முதல் மூன்று அல்பங்களையும் மறுபடி முழுதாகக் கேட்பது என்று முடிவெடுத்தேன்.

ஆறாவதைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். மற்ற ஐந்திலும் நான் செய்யக்கூடியது எதுவும் இருக்கவில்லை.

அந்தக் குழுவின் பெயரை எழுதத் தேவையில்லை. கண்டி நகரத்து நடைபாதையில் அதன் பெயர் அச்சடித்த டீ சேர்ட் தொங்கும். போட்டுக்கொண்டு போகிறவர்களில் பலர் ஒரு பாட்டும் கேட்டிருக்க மாட்டார்கள். கேட்டவர்கள் பிற்காலத்து அல்பங்களைக் கேட்டிருப்பார்கள், உலகம் முழுக்க விற்ற அந்தப் பெரிய அல்பங்களை. எனக்கு அவற்றின் மேல் மரியாதை உண்டு. ஆனால் நான் சொல்லும் மூன்றும் அவற்றுக்கு முந்தியவை. அந்தக் குழு என்ன செய்யப்போகிறது என்று அந்தக் குழுவுக்கே தெரியாதிருந்த காலத்தில் செய்தவை.

தொழில்நுட்பக் கல்லூரியில் படித்தபோது வகுப்புத் தோழி ஒருத்தி ஒரு பென் டிரைவில் அவர்களுடைய எல்லா அல்பங்களையும் வருட வரிசையில் எண் போட்டுத் தந்தாள். "முதல் மூணையும் விட்டுரு. அது அவங்க பழகுற காலம்" என்றாள். எண் போட்ட எதையும் ஒன்றிலிருந்து தொடங்குவது என் பழக்கம். ஒன்றாவது கோப்பைத் திறந்தேன். முதலில் இரைச்சல். பிறகு பின்னோக்கி ஓடும் நாடா போல ஒரு சத்தம். பிறகு யாரோ சிரித்தார்கள். கோப்பு பழுதாகிவிட்டது என்று அதன் அளவைப் பார்த்தேன், வேறொரு கணினியில் போட்டுப் பார்த்தேன். பழுதில்லை. அப்படித்தான் செய்திருந்தார்கள்.

அன்றிலிருந்து கல்லூரிக்குப் போகும் வழியெல்லாம் அதுதான். சில பாட்டுகள் குழந்தைக்குச் சொல்லும் கதை மாதிரி தொடங்கி, நடுவில் கதையை மறந்துபோய், ஓர்கனில் ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும். நின்றுகொண்டே இருக்கும். இனிப் போதும் என்று நமக்குத் தோன்றும் இடத்தைத் தாண்டி நிற்கும். அதற்குப் பிறகுதான் அந்தச் சுரத்துக்குள் என்னென்ன இருக்கிறது என்று காது தேடத் தொடங்கும். ட்ரம்ஸ் அடிப்பவர் பஞ்சு சுற்றிய குச்சியால் தட்டுவார். தாளம் தவறுகிற இடங்களை வெட்டாமல் விட்டிருக்கிறார்கள். இரண்டாவது அல்பத்தில் ஒரு நீண்ட பாட்டில் பாட்டே இல்லை. ஒரு உலோகச் சத்தம் இடது பக்கத்தில் பிறந்து மெதுவாக வலது பக்கத்துக்குப் போய், அங்கே கொஞ்ச நேரம் இருந்துவிட்டுத் திரும்பி வரும். அதற்குக் கீழே மெல்லிய ட்ரம்ஸ். அவ்வளவுதான். அதை மழை நாட்களில் பஸ் யன்னலோரம் இருந்து கேட்பேன். அது என் தலைக்குள்ளால் கடந்து போவதை என்னால் விரலால் காட்ட முடிந்தது.

எதையாவது பழுதுபார்த்தவர்களுக்கு இந்த அல்பங்கள் பிடிக்கும் என்று நான் நினைக்கிறேன். ஒன்றைத் தொட்டுப் பார்த்து, இது வேலை செய்யவில்லை, சரி, அடுத்ததைத் தொடு என்று போகிற ஒரு மனநிலை அவற்றில் கேட்கும். பிற்காலத்து அல்பங்களில் அந்தச் சத்தமெல்லாம் துடைத்து மெருகேற்றப்பட்டுவிட்டது.

அந்தக் காலத்தில் இரண்டு பக்க ஒலிப்பதிவு புதிது. இப்போதுபோல எல்லாவற்றையும் இரண்டு பக்கமும் கலந்து வைக்க மாட்டார்கள். பாடுகிறவரை முழுதாக ஒரு பக்கம் வைப்பார்கள், ஓர்கனை முழுதாக மறுபக்கம் வைப்பார்கள். அதனால்தான் எனக்குப் பாட்டில் பாதியே போனது. இன்றைய சினிமாப் பாட்டைக் கேட்டால் ஒரு காது போனது அவ்வளவாகத் தெரியாது. இந்த அல்பங்களில் வலது பக்கம் போனால் ஓர்கனே போய்விடும். தரையில்லாமல் நடக்கிற ஒருவரைப் போல அந்தப் பாடகர் இடது காதில் தனியாகப் பாடிக்கொண்டிருந்தார்.

ஹெட்போனைத் திருப்பிப் போட்டால் ஓர்கன் வரும், பாடகர் போய்விடுவார். அதனால் முதலில் சுலபமான வழியைச் செய்தேன். தொலைபேசியில் இரண்டு பக்கத்தையும் ஒன்றாகக் கலந்து தரும் ஒரு அமைப்பு இருக்கிறது. அதை அழுத்தினேன். ஓர்கன் வந்தது. சந்தோஷமாக இருந்தது, இரண்டாவது அல்பத்தின் அந்த நீண்ட பாட்டு வரும்வரை. உலோகச் சத்தம் போகவும் இல்லை, வரவும் இல்லை. ஒரே இடத்தில் கிடந்தது. ஒரு கட்டத்தில் மெலிந்து, கிட்டத்தட்டக் காணாமல் போனது. ஏன் என்று எனக்குத் தெரியும். இரண்டு பேர் ஒரு மேசையை எதிரெதிர்ப் பக்கமிருந்து ஒரே பலத்தோடு தள்ளினால் மேசை நகராது. அந்தச் சத்தத்தை அகலமாக்குவதற்காக ஒரு பக்கத்தில் தலைகீழாக வைத்திருக்கிறார்கள். கலந்தால் ஒன்றையொன்று அழித்துவிடும்.

அண்ணனிடம் சொன்னேன். அண்ணன் பஸ் சாரதி. கட்டுகஸ்தோட்டையில் ஒரு மொதலாளியின் பஸ்ஸை ஓட்டுகிறான். கலியாணம், கோயில், சுற்றுலா என்று வாடகைக்குப் போகிற பஸ். அந்தக் குழுவுக்கு அவன் வைத்த பெயர் பேய்க் கூட்டம்.

"ஒன் பேய்க் கூட்டத்துல பாதிப் பேய் ஓடிப்போச்சா? நல்லதுதானே புள்ள."

"மிச்சப் பாதியும் எனக்கு வேணும்ணே."

அதற்குப் பிறகு அண்ணன் ரோட்டில் நடக்கும்போது என் இடது பக்கத்திலேயே நடந்தான். இப்போதும் அப்படித்தான்.

என் வேலை யூ.பி.எஸ். பழுதுபார்ப்பது. மின்சாரம் நின்றால் கணினியைக் கொஞ்ச நேரம் தாங்கிப் பிடிக்கிற பெட்டி அது. பெட்டரி பலவீனமானால் கீச் கீச் என்று கத்தும். முன்பெல்லாம் ஒரு அலுவலகத்துக்குள் நுழைந்து வாசலில் நின்றபடியே எந்த மேசைக்குக் கீழே என்று கை காட்டுவேன். காது போனபிறகு முதல்தடவையாகப் பிலிமத்தலாவையில் ஒரு கணினி வகுப்பு நிலையத்துக்குப் போனேன். வரிசை வரிசையாக மேசைகள், ஒவ்வொன்றின் கீழும் ஒரு பெட்டி, ஏதோ ஒன்று கத்துகிறது. எனக்கு எல்லாத் திசையும் இடது காதாக இருந்தது.

அங்கே வரவேற்பில் இருந்த பெண் கேட்டாள்: "மிஸ், எது எண்டு தெரியலயா?"

"தெரியும். நடந்து பார்க்கணும்."

வரிசைகளுக்கிடையில் நடந்தேன். சத்தம் கூடியது. இன்னும் கொஞ்சம் போனேன், குறைந்தது. திரும்பினேன். மூலைப் பெட்டிதான். எழுந்து நின்று கையைத் துடைக்கும்போது அதைப் பற்றி நான் எதுவும் யோசிக்கவில்லை. வேலை முடிந்தது என்று மட்டும் நினைத்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அண்ணன் என்னை பஸ் நிறுத்துகிற மொதலாளியின் வளவுக்குக் கூட்டிக்கொண்டு போனான். பின் ஸ்பீக்கரில் கரகரப்பு, பெட்டரியையும் ஒருமுறை பார் என்றான். அந்த பஸ்ஸின் பாட்டுச் செட்டைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். அதைப் பூட்டியவர் கட்டுகஸ்தோட்டையில் பஸ்களுக்குச் செட் பூட்டுகிற முஸ்லிம் ஒருவர், எல்லாருக்கும் நானா. இடது பக்கத்து வயரை முன் ஸ்பீக்கர்களுக்கும் வலது பக்கத்து வயரைப் பின் ஸ்பீக்கர்களுக்கும் கொடுத்திருந்தார். அவர் பூட்டிய எல்லா பஸ்ஸிலும் அப்படித்தான். இரண்டு வருடமாக அவரைக் காணும்போதெல்லாம் நான் அது பிழை என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

"நானா, பாட்டு ரெண்டா வெட்டுப்படுது. பாதி முன்னுக்கு, பாதி பின்னுக்கு."

"வெட்டுப்பட்டா எனத்தயன் தங்கச்சி? ராவு ட்ரிப்ல சனம் தூங்கும். டிரைவர் தூங்க ஏலுமா? பெலன்ஸ ஒரு பக்கம் திருப்பினா பின்னுக்கு அமத்தல், முன்னுக்குப் பாட்டு. ஒங்கட படிப்புல இதுக்கு வேற வழி ஈக்கிதா?"

"இருக்கு. நாலு சனல் அம்ப் போடணும். முன்னுக்கும் பின்னுக்கும் முழுப் பாட்டும் வரும், சத்தத்தத் தனித்தனியாக் கொறைக்கலாம்."

"அத மொதலாளிக்கிட்ட செல்லுங்க. எனக்கிட்ட எனத்துக்கு?"

மொதலாளியிடமும் சொன்னேன். பார்ப்போம் என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பின் ஆசனத்தில் முழங்காலிட்டு ஸ்பீக்கர் மூடியைக் கழற்றினேன். அண்ணன் முன்னால் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தான். செட்டோடு என் தொலைபேசியை இணைத்து, கைக்கு வந்ததைப் போட்டேன். கைக்கு வந்தது முதல் அல்பம்.

ஓர்கன் கேட்டது. வேறெதுவும் இல்லை. ஓர்கனும், அதற்குக் கீழே பஞ்சுக் குச்சி ட்ரம்ஸும். சில வாரங்களாக என்னிடம் இல்லாத பக்கம் அது. கரகரப்போடு, தூசியோடு, என் இடது காதுக்கு ஒரு முழம் தூரத்தில். மூடியைக் கையில் வைத்தபடி பாட்டு முடியும்வரை அப்படியே இருந்தேன். பிறகு அதே பாட்டை மறுபடி போட்டுவிட்டு எழுந்து முன்னால் நடந்தேன். ஆசனங்களின் நடுவே போகப்போக ஓர்கன் பின்தங்கியது. பாடகர் எதிரே வந்தார். சாரதி ஆசனத்தருகில் அவர் மட்டும்தான். திரும்பி நடந்தேன்.

"என்னா புள்ள, சாமி கும்பிடுற மாதிரி போயிட்டுப் போயிட்டு வர்ற?"

"அண்ணே, இந்த பஸ்ஸுல எனக்கு ரெண்டு பக்கமும் கேக்குது."

நின்று பார்த்தான். விளங்கியதும் துடைத்த துணியைத் தோளில் போட்டுக்கொண்டு சொன்னான்: "அப்ப ஒனக்கு ஒரு சங்கடம் இருக்கு. வார சனிக்கிழமை நானா புது அம்ப் போடுறார். மொதலாளி சரின்னுட்டாரு. நீ கேட்ட நாலு சனல்."

அன்று வீட்டுக்கு வரும்போது யோசித்தேன். மொதலாளியிடம் போய் வேண்டாம் என்று சொல்லலாம். ஆனால் பஸ் என்னுடையது இல்லை. பின் ஆசனத்தில் இருந்து போகிறவர்களுக்கும் பாடுகிறவரின் குரல் கேட்க வேண்டும். நான் சொல்லி வந்தது சரியான ஆலோசனைதான், எனக்கு அது இப்போது வசதியில்லை என்பதற்காக அதை மாற்ற முடியாது. எனக்குத் தேவை பஸ் அல்ல. ஒரு நீளமான இடமும், அதன் இரண்டு முனையில் இரண்டு ஸ்பீக்கரும் போதும். ஸ்பீக்கர் என்னிடம் ஒருபோதும் இருந்ததில்லை. எங்கள் மஹய்யாவ வீடு ஒரு வரிசை வீடு, இரண்டு பக்கமும் அடுத்த வீட்டோடு ஒட்டிய சுவர். சத்தமாக எதையும் கேட்கிற வீடு அல்ல அது. அதனால் என் இசை எப்போதும் ஹெட்போனுக்குள் இருந்தது. ஆனால் நீளத்துக்குக் குறைவில்லை. முன் அறை, நடு அறை, சமையலறை எல்லாம் ஒரே நேர்க்கோட்டில். முன் கதவைத் திறந்தால் பின் கதவு தெரியும்.

சனிக்கிழமை வளவுக்குப் போனபோது நானா பஸ்ஸுக்குள் ஆசனத்தின் மேல் ஏறி நின்று வயர் இழுத்துக்கொண்டிருந்தார்.

"வாங்க தங்கச்சி, நீங்க வெண்டுட்டீங்க. இனி முன்னுக்கும் பின்னுக்கும் ஒரே பாட்டு."

"நானா, கழட்டுற பழசு எல்லாத்தையும் எனக்குத் தாங்க. அம்பும் ஸ்பீக்கரும். மொதலாளிக்கிட்ட கேட்டுட்டேன்."

"எனத்துக்கு? பிழை பிழை எண்டு ரெண்டு வருஷமா நீங்கதானே செல்லின?"

"இப்பவும் பிழைதான். பஸ்ஸுக்குப் பிழை."

காதைப் பற்றிச் சொன்னேன். நானா ஆசனத்திலிருந்து இறங்கி வந்து, என் வலது பக்கத்தில் நின்று, சத்தமாக ஏதோ கேட்டார். அவருடைய வாய் அசைந்தது.

"இந்தப் பக்கம், நானா."

இடது பக்கம் வந்து அதைவிடச் சத்தமாகக் கேட்டார்: "கேக்குதா?"

"இந்தப் பக்கம் நல்லாக் கேக்கும். மெல்லப் பேசுங்க."

கழற்றுவதற்கு முன் ஒரு பாட்டு போட்டுக்கொள்கிறேன் என்றேன். இரண்டாவது அல்பத்தின் அந்த நீண்ட பாட்டைப் போட்டேன். நானா சாரதி ஆசனத்தில் இருந்தார். கொஞ்ச நேரம் பொறுத்தார்.

"இது பாட்டா, பெட்டரி எறங்குற சத்தமா?"

"பாட்டு."

"எந்த ஊர்ல?" என்றார் அண்ணனைப் பார்த்து. அண்ணன் கையை விரித்தான்.

பிறகு உலோகச் சத்தம் முன்னாலிருந்து மெலிந்து பின்னால் போனது. நானா திரும்பிப் பார்த்தார். எழுந்து பின்னால் போனார். பின் ஆசனத்தில் சாய்ந்துகொண்டு, அது மறுபடி முன்னால் போகும்வரை இருந்தார். "இத்தின வருஷம் எத்தின பாட்டுப் போட்டேன். ஒருத்தனும் செல்லல்ல, ஒரு சத்தம் எந்திரிச்சு நடந்து போற எண்டு" என்றார். பிறகு ஸ்குரூ டிரைவரை எடுத்தார். மாலைக்குள் பழைய அம்பும் நான்கு ஸ்பீக்கரும் இரண்டு அட்டைப்பெட்டிக்குள் இருந்தன.

வீட்டில் அம்மா வாசல் நிலையில் நான் ஆணி அடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வீட்ட பஸ்ஸாக்கப் போறியா?"

"ரெண்டு ஸ்பீக்கர்தாம்மா. ஒண்ணு இங்க, ஒண்ணு அடுப்படியில."

"அடுப்படியிலயா? தாளிக்கிற எண்ணெய் எல்லாம் படும்."

"மேல, சாமான் தட்டுக்கு மேல."

அண்ணன் முன் கதவில் சாய்ந்து நின்று, "ஏறுங்க ஏறுங்க, பின்னுக்கு எடம் இருக்கு" என்று பஸ் நடத்துனர் மாதிரி கூவினான். அம்மா சிரித்ததால் சமையலறை எனக்குக் கிடைத்தது.

அடுத்த வீட்டு அக்காவிடம்தான் எனக்குத் தயக்கம் இருந்தது. அக்கா வீட்டிலிருந்தே தைத்துக் கொடுப்பவர். தையல் மெஷின் எங்கள் சமையலறைச் சுவருக்கு நேர் மறுபக்கத்தில் இருக்கிறது. இத்தனை வருடமும் என் ஹெட்போனுக்குள் என்ன ஓடுகிறது என்று எங்கள் வீட்டுக்கு வெளியே இந்த வரிசையில் யாருக்கும் தெரியாது. தெரியவேண்டும் என்று நான் விரும்பியதும் இல்லை. ஆனால் ஆறாவது முடிவு அப்படியே இருந்தது. போய்க் கேட்டேன்.

"என்னா பாட்டு? சாமிப் பாட்டா, படப் பாட்டா?"

"ரெண்டும் இல்லக்கா. வெளிநாட்டுப் பாட்டு. பழசு. ஓர்கன் வரும்."

"ஓர்கன்னா, சர்ச்சில வாசிப்பாங்களே, அதா?"

"அதுதான். ஆனா சர்ச்சில வாசிக்கிற மாதிரி இல்ல."

"சத்தமா?"

"கொஞ்சம்."

அக்கா நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். "டீவி நாடகம் போற நேரத்துல போடாத. மத்த நேரம் போடு. எனக்கும் இந்த மெஷின் சத்தம் கேட்டுக் கேட்டு அலுத்துப் போச்சு."

அப்படித்தான் தொடங்கியது. வாசலில் இடது பக்கம், சமையலறையில் வலது பக்கம். ஞாயிற்றுக்கிழமை காலைகளில், அம்மா சந்தைக்குப் போன பிறகு, ஒரு பாட்டு அல்லது இரண்டு. எனக்கு நானே ஒரு விதி வைத்துக்கொண்டேன். ஒரு பாட்டில் உள்ள ஒவ்வொரு சத்தத்தையும் அது இருக்கும் இடத்தில் நின்று கேட்ட பிறகுதான் அந்தப் பாட்டை முடிந்தது என்று எண்ணலாம். வாசலில் நின்று ஒருமுறை, சமையலறையில் நின்று ஒருமுறை, நடு அறையில் அலுமாரிக்குப் பக்கத்தில் நின்று ஒருமுறை. பிறகு நடந்துகொண்டு ஒருமுறை.

முதல் அல்பம் சீக்கிரம் முடிந்தது. அதில் எல்லாம் அதனதன் இடத்தில் நிற்கிற பாட்டுகள். இரண்டாவதில் அந்த நீண்ட பாட்டுதான் சோதித்தது. உலோகச் சத்தம் வாசலில் புறப்படும். அது புறப்பட்டுவிட்டது என்று எனக்குத் தெரியும்போது அது நடு அறைக்கு வந்துவிடும். நான் நடு அறைக்கு வரும்போது அது சமையலறையில். ஒவ்வொரு ஞாயிறும் பின்னால் ஓடினேன். ஒருமுறை சமையலறை வாசலில் தண்ணீர் வாளியில் கால் இடித்து, அண்ணனிடம் ஒரு கிழமை முழுக்கப் பேச்சு வாங்கினேன். பிறகுதான் அந்தச் சத்தம் புறப்படுவதற்கு முன்னால் ட்ரம்ஸ் ஒருமுறை தயங்குவதைக் கவனித்தேன். குச்சி தட்டவேண்டிய இடத்தில் அடிப்பவர் தட்டாமல் விடுகிறார். அந்தத் தயக்கத்தில் நான் புறப்பட்டால், சத்தம் என்னோடு வருகிறது. என் காதருகில் அதே அளவில், கூடாமல் குறையாமல், வாசலிலிருந்து அலுமாரி, அலுமாரியிலிருந்து அடுப்பு. முதல்முறை அப்படி வந்த அன்று சமையலறைச் சுவரில் கை வைத்து நின்றேன். முன்பு பஸ் யன்னலோரம் கேட்டதுபோல இல்லை. அப்போது நான் அசையாமல் இருந்தேன். இப்போது அதோடு நடந்தேன், ஆனாலும் அது போனதையும் வந்ததையும் கேட்டேன். முடிந்தது என்று எண்ணிக்கொண்டேன்.

அக்காவின் கருத்துகள் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்துகொண்டிருந்தன. "தண்ணி டாங்கிக்குள்ள மத்தளம் அடிக்கிறாங்களாடி?" என்று முதல் கிழமை. "ஒரு ஆளும் பாடவே மாட்டானா?" என்று அடுத்த கிழமை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அக்காவுக்குக் கேட்பது சமையலறை ஸ்பீக்கர் மட்டும். நான் இழந்த வலது பக்கத்தை மட்டும் அவர் கேட்டுக்கொண்டிருந்தார். பாடகர் இருப்பதே அவருக்குத் தெரியாது.

ஒரு ஞாயிறு முதல் அல்பத்தின் கடைசிப் பாட்டை மறுபடி போட்டேன். முடிந்த பிறகு குப்பை கொட்டப் பின்பக்கம் போனபோது அக்கா கேட்டார்.

"கடைசில ஒரு மணி வருமே, சின்ன மணி, அது என்னாத்துக்கு?"

"மணி இல்லக்கா அதுல."

"இருக்குடி. ஆட்டுக்குட்டி கழுத்து மணி மாதிரி. எல்லாம் அடங்கினதுக்கப்புறம். ஒவ்வொரு தடவையும் வருது."

நான் அந்தப் பாட்டை இரண்டு காதும் இருந்த காலத்தில் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். மணி கிடையாது. அப்படியே சொன்னேன். அக்கா வாதாடவில்லை. "வா, வந்து இரு" என்றார். பாட்டை மறுபடி போட்டுவிட்டு அக்காவின் வீட்டுக்குள் போனேன். தையல் மெஷின் கதிரையில் இருந்து இடது காதைச் சுவரில் வைத்தேன். வெட்டிய துணிகளை அக்கா கையில் வைத்துக்கொண்டு நின்றார். சுவர் வழியாகப் பாடகர் வரவில்லை. ஓர்கன் மட்டும் வந்தது. அதுவும் ஓய்ந்தது. நான் எழப்போனேன்.

"இரு" என்றார்.

மணி அடித்தது. ஒரே ஒருமுறை, மிக மெல்ல, யாரோ மேசையில் வைத்திருந்த மணியில் கை தட்டுப்பட்டது மாதிரி.

ஹெட்போனில் அந்த இடத்தில் நான் எப்போதும் அடுத்த பாட்டுக்குப் போய்விடுவேன். ஓர்கன் ஓய்ந்ததும் முடிந்தது என்று நினைத்து விரல் தானாகப் போகும். வீட்டிலும் அந்த நேரம் சமையலறையை விட்டு வாசலுக்கு நடந்துவிடுவேன். அக்காவிடம் அடுத்ததற்குப் போகும் பொத்தான் இல்லை. வருவதைக் கேட்டுக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்து, முடிந்த பாட்டுகளைக் குறித்துவைக்கும் என் பட்டியலில் முதல் அல்பத்தின் கடைசிப் பாட்டை அழித்துவிட்டு மறுபடி எழுதினேன். இந்தமுறை சமையலறையில் நின்று, கடைசிவரை. மணி இருந்தது.

மூன்றாவது அல்பத்தில் ஒரு பாட்டு இன்னும் அடங்கவில்லை. பழைய இசைத்தட்டில் ஒரு பக்கம் முழுக்க ஓடியிருக்கும் பாட்டு. அதில் கிட்டார் இடமும் வலமும் மாறிமாறிப் பாய்கிறது. யாராலும் அந்த வேகத்தில் வாசலுக்கும் அடுப்புக்கும் நடக்க முடியாது. நடு அறையில் நின்றால் பாய்ச்சல் தெரிவதில்லை. ஆனால் நடு அறையில் நின்று தலையைத் திருப்பினால் தெரிகிறது. இடது காது வாசலைப் பார்த்தால் வாசல் கூடுகிறது, அடுப்பைப் பார்த்தால் அடுப்பு கூடுகிறது. நின்றபடி அப்படித் திருப்பினால் கழுத்து வலிக்கிறது. எங்கள் அலுவலகத்தில் சக்கரம் உடைந்த சுழல் கதிரை ஒன்று ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். கேட்டிருக்கிறேன். தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். சக்கரம் எனக்குத் தேவையில்லை, சுழன்றால் போதும்.

அக்கா பாடகரைக் கேட்க வேண்டும் என்று சொன்னபடியால் ஒரு ஞாயிறு அவரை எங்கள் முன் வாசலில் இருத்தினேன். முதல் பாட்டு முழுக்கக் கேட்டுவிட்டு, "இந்தாளு இல்லாமலே நல்லாருந்துச்சு" என்று சொல்லிவிட்டுத் தைக்கப் போய்விட்டார்.

இப்போதைய நிலை இது. வலது காது அப்படியே இருக்கிறது. முதல் இரண்டு அல்பங்களும் முடிந்துவிட்டன. மூன்றாவதில் ஒரு பாட்டு மிச்சம். கதிரை அடுத்த கிழமை வருகிறது. நடு அறை வயரைச் சுவரோடு அடித்துவிட்டேன், சமையலறை வயர் இன்னும் ஆணியில் தொங்குகிறது.